கடன் வாங்கிய பாட்டனார்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழாவில் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, வழக்கம்போல் நான் இலக்கியம் பற்றியே பேசுவேன் என்று எதிர்பார்த்தார். நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் சற்றுத் திகைத்தார். ஸ்காட்லாந்து நாட்டின் மலைப்பகுதியில் விளங்கிய மெக்கன்சி என்னும் குலத்தின் தலைவர்களுக்கு முன்னோர் யாவர் என்பதே அப்பொருள். “ஐயா, அதற்கும் கொல்கத்தாவில் வாழும் நமக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்டார். தொடர்பு உண்டு, அது உரையின் பிற்பகுதியில் விளங்கும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டியது இப்போது என் கடமை.

இப்பொருள் என் நினைவுக்கு வந்ததற்குக் காரணம் நம் காலனியில் உள்ள ஒரு சிறுமி. பள்ளியில் அவளுக்குக் குடும்ப மரம் வரைந்துவரச் சொல்லியிருந்தார்கள். தன் பெயர், தாய் தந்தையர் பெயர், பாட்டன் பாட்டியர் பெயர், தந்தைவழிப் பூட்டனார் ஒருவர் பெயர் ஆகியவற்றை எழுதினாள். அதற்கு மேலே இருந்த கட்டங்கள் வெறுமையாக நின்றன. அவள் தந்தையார் அலுவலகத்துக்குப் புறப்படும் அவசரத்தில், “மேலே ஏதாவது ஒரு ராஜா பெயரை எழுதிவிடு அம்மா, யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?” என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். குழந்தை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நோட்டுப் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்து, “தாத்தா, எந்த ராஜா பெயரை எழுதலாம்?” என்று கேட்டாள். நான் சிரித்தேன், ஆயினும் உடனே விடை சொல்ல இயலவில்லை. அந்த வேளையில்தான் மெக்கன்சிகளின் கதை நினைவுக்கு வந்தது.

1249-ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஸ்காட்லாந்தில் ஸ்கூன் என்னும் இடத்தில் மூன்றாம் அலெக்சாந்தர் அரசராக அமர்த்தப்பெற்றார். அப்போது அவருக்கு வயது ஏழு. தந்தையை இழந்த அச்சிறுவனைக் கல்லிருக்கையில் அமர்த்திச் சடங்குகள் செய்தனர். பின்னர் மலைநாட்டு முதியவர் ஒருவர் முன்வந்து மண்டியிட்டு, கேலிக் மொழியில் அரசனை வாழ்த்தி, அவன் இன்னார் மகன், அவர் இன்னார் மகன் என்று முன்னோர் பெயர்களை வரிசையாக ஓதினார். பழைய வரலாற்று நூல் இச்செய்தியைக் குறித்துவைத்திருக்கிறது. கேலிக் என்பது அயர்லாந்தின் மொழிக்கு நெருங்கிய உறவுடைய மலைநாட்டுத் தொன்மொழி. அம்மொழியில் முன்னோர் பெயரை ஓதிக் கேட்டால்தான் அரசன் அரசனாவான் என்பது அந்நாட்டார் கருத்து. இந்த மூன்றாம் அலெக்சாந்தரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அவர் மீண்டும் வருவார்.

ஆங்கிலத்தில் ‘கிளான்’ என்று வழங்கும் சொல், கேலிக் மொழியில் பிள்ளைகள் என்று பொருள்படுவது. நாமும் ‘மக்கள்’ என்ற ஒரே சொல்லால் பிள்ளைகளையும் குறிக்கிறோம், நாட்டாரையும் குறிக்கிறோம் அல்லவா? ‘மெக்’ என்றால் மகன். கோனியாக் என்னும் கேலிக் பெயரையே ஆங்கிலத்தார் கென்னத் என்பர். ஆகவே மெக்கன்சி என்றால் கென்னத்தின் மகன் என்பது பொருள். அப்பெயருடையோர் எல்லாரும் ஒரே இரத்தம் என்று கருதுதல் கூடாது. தலைவரின் நிலத்தில் உழுதவர்களும், அவர் காவலை நாடி வந்தவர்களும் காலப்போக்கில் அவர் பெயரையே தம் பெயராகக் கொண்டனர். ஆனால் தலைவர் குடும்பத்துக்கு மட்டும் வமிசாவளி இன்றியமையாததாக இருந்தது. நிலமும் தலைமையும் அதனைப் பற்றியே நின்றன.

மெக்கன்சித் தலைவர்களின் தாயகம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கின்டெயில். அங்கே மூன்று கடற்கழிகள் கூடும் இடத்தில் ஒரு சிறு தீவு. அத்தீவின் மேல் எய்லன் டோனன் என்னும் கோட்டை. இக்கோட்டையை ஆண்ட குடும்பம் எவ்வாறு தோன்றியது என்பதற்கு இரண்டு வரலாறுகள் உள்ளன. ஒன்று பெருமைக்குரியதாகத் தோன்றும் கதை. மற்றது எளிய பட்டியல். முதலில் கதையைக் கேளுங்கள்.

1263-ஆம் ஆண்டு நார்வே மன்னர் ஹாகன் பெருங்கப்பற்படையோடு ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு வந்தார். அக்டோபர் மாதத் தொடக்கத்தில் லார்க்ஸ் என்னும் கடற்கரையில் போர் நிகழ்ந்தது. ஹாகன் பின்வாங்கி, ஆர்க்னித் தீவுகளில் தங்கியிருந்தபோது அவ்வாண்டு டிசம்பரில் இறந்தார். 1266-இல் நார்வே அரசு மேற்குத் தீவுகளைப் பணம் பெற்றுக்கொண்டு ஸ்காட்லாந்துக்கு விட்டுக்கொடுத்தது. இவ்வளவும் வரலாறு.

இதன் மேல் எழுப்பிய கதையாவது: அயர்லாந்தில் ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் நார்மன் பெருங்குடி ஒன்று இருந்தது. கில்டேர், டெஸ்மண்டு ஆகிய பகுதிகளின் பிரபுக்கள் அக்குடியில் தோன்றியவர்கள். அக்குடியைச் சேர்ந்த காலின் என்னும் வீரர் ஸ்காட்லாந்துக்கு வந்து, லார்க்ஸ் போரில் மூன்றாம் அலெக்சாந்தருக்காகப் போரிட்டார். பின்னொரு நாள் அரசர் வேட்டைக்குச் சென்றார். வெகுண்ட கலைமான் ஒன்று அவர்மேல் பாய்ந்தது. காலின் குறுக்கே விழுந்து மானை வீழ்த்தி, அரசர் உயிரைக் காத்தார். அதற்குப் பரிசாகக் கின்டெயில் நிலத்தை 1266-ஆம் ஆண்டு பட்டயம் எழுதிக் கொடுத்த அரசர், மான் தலையைச் சின்னமாக வைத்துக்கொள்ளும் உரிமையும் அளித்தார். அந்தக் காலினின் மகன் கென்னத். அவர் பெயரால் குலம் மெக்கன்சி ஆயிற்று.

கேட்க இனிய கதை. மெக்கன்சிகளின் சின்னத்தில் இன்றும் மான் தலை உள்ளது. ‘அரசனுக்கு உதவுக’ என்று பொருள்படும் கேலிக் தொடர், அக்குலத்தார் திரட்டிய படைப்பிரிவின் முழக்கமாயிற்று. 1786-ஆம் ஆண்டு, அக்காலக் குலத்தலைவர் ஃபிரான்சிஸ் ஹம்பர்ஸ்டன் மெக்கன்சி, பெஞ்சமின் வெஸ்ட் என்னும் புகழ்பெற்ற ஓவியரைக் கொண்டு இக்காட்சியைத் தீட்டச் செய்தார். ஏறக்குறைய 12 அடி உயரமும் 17 அடி அகலமும் உள்ள அப்பெரும் ஓவியத்தை எடின்பரோ நகரத்துத் தேசிய ஓவியக் கூடம் வாங்கியுள்ளது. அரசர் தரையில் விழுந்து கிடக்கிறார், மான் சீறுகிறது, காலின் ஈட்டியை ஓங்கி நிற்கிறார். அத்துணைப் பெரிய படத்தின் முன் நிற்பவருக்கு, இது நடந்திராது என்று எண்ணவும் மனம் வராது.

ஆனால் ஆராய்ந்தோர் எண்ணினர். அவர்கள் கண்ட தடைகளுள் மூன்றை மட்டும் கூறுகிறேன்.

முதலாவது, பட்டயம். 1266-ஆம் ஆண்டுப் பட்டயம் என்று காட்டப்பெற்றவை பிற்கால நகல்களே. அந்நகல்களைச் சோதித்த வரலாற்றாசிரியர்கள், அவற்றை நம்பத் தகுந்த சான்றாக ஏற்கவில்லை.

இரண்டாவது, மௌனம். லார்க்ஸ் போரைப் பற்றிக் கூறும் பழங்கதையில் காலின் ஃபிட்ஸ்ஜெரால்டு என்பவர் இல்லை. அவரைக் குலமுதல்வராகக் காட்டும் எழுத்துகள் பரவுவது 17-ஆம் நூற்றாண்டில். இடையில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள். அரசர் உயிரைக் காத்த ஒருவரை அவர் சொந்தப் பேரப்பிள்ளைகளே நானூறு ஆண்டுகள் மறந்திருந்தார்கள் என்றால் நம்ப முடியுமா?

மூன்றாவது தடை நம்மவர்க்கு மிக எளிதில் விளங்குவது. நாம் மகனுடைய மகனைப் பெயரன் என்கிறோம். பாட்டன் பெயரைச் சுமப்பவன் ஆதலால் அவன் பெயரன். மலைநாட்டாரிடமும் இவ்வழக்கம் உண்டு. மெக்கன்சித் தலைவர்களின் வரிசையில் கென்னத், மர்டாக், அலெக்சாந்தர் என்னும் பெயர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. குலத்தைத் தொடங்கியவர் காலின் ஆயின், அப்பெயரும் பேரன்களுக்கு வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. காலின் என்னும் பெயருடைய முதல் தலைவர் 1568-இல் பதவிக்கு வந்து 1594-இல் இறந்த காலின் காம் என்பவரே. அவருக்கும் அப்பெயர் தாய்வழியில், காம்பெல் குடும்பத்து உறவால் வந்தது என்று ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். முந்நூறு ஆண்டுகளாக எந்தப் பேரனுக்கும் பெயர் தராத பாட்டனார், பாட்டனார்தானா என்று ஐயுறுவது பிழையாகாது.

அப்படியானால் இக்கதை ஏன் பிறந்தது? அதற்கு அக்குடும்பம் வளர்ந்த வரலாற்றைச் சிறிது பார்க்க வேண்டும்.

உறுதியான ஆவணங்களின் துணையோடு நாம் காணும் முதல் பெருந்தலைவர், ‘நேர்மையாளர்’ என்று பெயர் பெற்ற அலெக்சாந்தர் மெக்கன்சி. கின்டெயில் நிலத்துக்கு 1463-ஆம் ஆண்டு அவர் பட்டயம் பெற்றார். அதை அளித்தவர் அரசர் அல்லர். ராஸ் நாட்டுப் பிரபுவும் தீவுகளின் தலைவருமான ஜான். அதாவது மெக்கன்சிகள் அப்போது ஒரு பெரிய பிரபுவின் கீழ் நிலம் வைத்திருந்த சிறு தலைவர்கள். 1476-இல் அந்தப் பிரபு ராஸ் நாட்டை அரசரிடம் இழந்தார். மெக்கன்சிகள் அரசர் பக்கம் நின்று வளர்ந்தனர். 1609-இல் குலத்தலைவர் பிரபுப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு லூயிஸ் என்னும் பெருந்தீவின் உரிமை அவர்கள் கைக்கு வந்தது. 1623-இல் சீஃபோர்த் பிரபு என்னும் உயர்பட்டமும் கிடைத்தது. நூற்றைம்பது ஆண்டுகளில் இத்துணை உயர்வு!

உயர்ந்தவர்க்கு ஒரு குறை தோன்றிற்று. நேற்று வரை வேறொருவரின் கீழ் இருந்தோம் என்பதை மறைக்க வேண்டும். அரசரிடமே நேராகப் பெற்ற பழம்பட்டயம் வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. அது மேலும் வருந்தத் தக்கது. கேலிக் மொழி பேசுவோரை நாகரிகமற்றவர் என்று தாழ்நிலப் பகுதியின் ஆட்சியாளர் கருதிய காலம் அது. பள்ளிகள் பற்றி 1616-ஆம் ஆண்டு வந்த அரசுச் சட்டம், மலைநாட்டாரின் முரட்டுத்தனத்துக்கு அவர்கள் மொழியே தலையாய காரணங்களுள் ஒன்று என்று கூறி, ஆங்கிலத்தைப் பரப்பி அம்மொழியை ஒழிக்க முற்பட்டது. தலைநகரில் பட்டாடை உடுத்தி அவைக்குச் செல்லும் தலைவருக்கு, தம் பாட்டனார் கேலிக் பெயருடைய ஓர் உள்ளூர்க்காரர் என்று சொல்ல நாணம் வந்தது. நார்மன் பெருங்குடியிலிருந்து ஒரு பாட்டனாரைக் கடன் வாங்கிக்கொண்டார்.

இக்கதையை எழுதிப் பரப்பியோருள் தலைமையானவர் ஜார்ஜ் மெக்கன்சி. 1630-இல் பிறந்து 1714-இல் மறைந்த இவர் பெரிய அரசியலாளர். 1703-இல் குரோமார்ட்டிப் பிரபு என்னும் பட்டம் பெற்றவர். அறிவில் குறைந்தவர் அல்லர். அறிவாளர் எழுதியதால்தான் கதை அத்துணைக் காலம் நிலைத்தது. மெக்கன்சிகளை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. காம்பெல் குலத்தார்க்கும் பிரெஞ்சு நாட்டு நார்மன் முன்னோரைக் கற்பித்தனர். டிரம்மண்டு குடும்பத்தார் ஹங்கேரியிலிருந்து வந்த வீரர் ஒருவரின் வழி என்றனர். எங்கிருந்தோ வந்தவர் என்று சொன்னால்தான் மதிப்பு என்று பலரும் எண்ணிய காலம் அது.

இனி, இரண்டாவது வரலாற்றுக்கு வருவோம்.

எடின்பரோவில் வழக்கறிஞர்களின் நூலகத்தில் பழைய தோல் ஏடு ஒன்று கிடந்தது. 1467-ஆம் ஆண்டு டூகல் என்னும் எழுத்தர் கேலிக் மொழியில் எழுதியது. அதன் பக்கங்களில் மலைநாட்டுக் குலங்கள் பலவற்றின் வமிசாவளிகள் நெருக்கமாக எழுதப்பெற்றிருந்தன. மை மங்கி, எழுத்துத் தேய்ந்து, படிப்பதற்கு அரியதாய் இருந்த அந்த ஏட்டை ஆராய்ந்து உலகறியச் செய்தவர் வில்லியம் ஸ்கீன். 1837-இல் மலைநாட்டு மக்களைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தபோது, அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அந்த ஏட்டில் மெக்கன்சிகளின் வரிசையும் இருந்தது.

அவ்வரிசையில் மானும் இல்லை, போரும் இல்லை, பட்டயமும் இல்லை. முர்கா, அவர் தந்தை கென்னத், அவர் தந்தை இயோன், அவர் தந்தை மறுபடியும் ஒரு கென்னத், அவர் தந்தை அங்கஸ், பிறகு கிறிஸ்டின், ஆதாம் என்று பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஆர்ட் என்னும் பகுதியைச் சேர்ந்த கில்லியோன் என்பவரைச் சென்று அடைகின்றன. காலின் என்ற பெயர் அவ்வரிசையில் இல்லை. கில்லியோன் என்னும் சொல்லுக்கு யோவானின் அடியான் என்பது பொருள். கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவராக அவரைக் கருதுகின்றனர். மாதசன் என்னும் வேறொரு குலத்துக்கும் அவரே முன்னோர் என்று அதே ஏடு காட்டுகிறது. ஆகவே மெக்கன்சிகள் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியவர்கள் அல்லர். அந்த மண்ணிலேயே அண்டைக் குலத்தாரோடு ஒரே வேரிலிருந்து கிளைத்தவர்கள்.

இந்த ஏட்டையும் எழுத்துக்கு எழுத்து மெய் என்று நான் கூறவில்லை. குலங்களின் வரிசைகளை இன்னும் மேலே ஏற்றிப் பழங்கால அரசர்களோடு முடிக்கும் ஆசை அக்காலப் புலவர்க்கும் உண்டு. எழுதியவர் காலத்துக்கு அண்மையில் உள்ள பெயர்கள் தெளிவாக இருக்கும். மேலே செல்லச் செல்ல மலையுச்சியில் மூடுபனி படர்வது போல மங்கும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அந்த எழுத்தர், குலத்தார் தம் மொழியில் வழங்கி வந்ததை எழுதினார். குரோமார்ட்டிப் பிரபு, பிறர் மதிக்க வேண்டும் என்பதற்காக எழுதினார்.

பின்னாளில் அக்குலத்திலேயே பிறந்த அலெக்சாந்தர் மெக்கன்சி என்னும் வரலாற்றாசிரியர், தம் குல வரலாற்றை விரிவாக எழுதினார். 1894-இல் வெளிவந்த அதன் திருந்திய பதிப்பில் ஃபிட்ஸ்ஜெரால்டு கதையை எடுத்து நெடுக ஆராய்ந்து, கொள்ளத் தக்கதன்று என்று தள்ளினார். பொய்யான பாட்டனாரைக் கைவிடுவதால் குலத்தின் பெருமை குறைந்துவிடும் என்று அவர் அஞ்சவில்லை.

அன்பர்களே! ஏழு வயதில் ஸ்கூனில் கல்லிருக்கையில் அமர்ந்த சிறுவரை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கதையில் மானுக்கு அஞ்சி வீழ்ந்து கிடக்கும் மூன்றாம் அலெக்சாந்தர் அவரே. அந்த அரசர் கேலிக் மொழியில் தம் முன்னோர் பெயரை ஓதக் கேட்டு அரசரானவர். அவருக்கு அது பெருமை. நானூறு ஆண்டுகள் கழித்து, அவருக்கு நெருக்கமானவர்கள் என்று காட்டிக்கொள்ள விரும்பியவர்களோ, தம் கேலிக் முன்னோரையே மறைத்தார்கள். அவரை அணுக நினைத்து அவரிடமிருந்து விலகிப்போனார்கள்.

நிற்க. கொல்கத்தாவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் கூறுவதாகச் சொன்னேன்.

மெக்கன்சிகளின் கைக்கு வந்த லூயிஸ் தீவில் ஸ்டோர்னோவே என்றொரு துறைமுகம் உண்டு. அங்கே 1754-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்து, சுங்கத் துறையில் வேலை பார்த்து வந்த ஒருவர், சீஃபோர்த் குடும்பத்தாரின் ஆதரவால் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து 1783-இல் வந்து இறங்கினார். அவர்தாம் காலின் மெக்கன்சி. தமிழறிந்தோர் அனைவரும் கேள்விப்பட்டிருக்கும் மெக்கன்சி சுவடிகளைத் தொகுத்தவர் அவரே. எடின்பரோவில் தொங்கும் அந்தப் பெரிய படம் லண்டனில் தீட்டப்பெற்றபோது, அதே குலத்தின் இந்தச் சாதாரணப் பிள்ளை தென்னாட்டில் இருந்தார்.

நிலம் அளக்கச் சென்ற ஊர்களிலெல்லாம் அவர் சுவடி தேடினார். காவலி வெங்கட போரையா, அவர் தம்பி இலட்சுமையா முதலிய உதவியாளர்கள் ஊர் ஊராகச் சென்று ஏடுகளையும், கல்வெட்டுப் படிகளையும், ஊர்ப் பெரியவர்கள் சொன்ன செய்திகளையும் சேர்த்தனர். 8,076 கல்வெட்டுப் படிகளும், 2,070 ஊர் வரலாற்றுக் குறிப்புகளும் அத்தொகுதியில் இருந்தன. பாளையக்காரர்களின் வமிசாவளிகளும் அவற்றுள் அடங்கும். அவற்றைப் படித்தால் வியப்புத் தோன்றும். முன்னோர் ஒருவர் பேரரசர் முன்னிலையில் வீரச்செயல் ஒன்றைச் செய்வார். அரசர் மகிழ்ந்து பாளையமும் பட்டமும் விருதும் அளிப்பார். நாடு வேறு, மொழி வேறு. கின்டெயிலில் கேட்ட கதையின் சாயல் நம் பாளையங்களிலும் ஒலிக்கிறது. நிலத்துக்கு உரிமை சொல்ல வேண்டிய குடும்பம் எங்கிருந்தாலும் இத்தகைய கதையை நாடும் போலும்.

காலின் மெக்கன்சி 1815-இல் இந்தியா முழுமைக்கும் முதல் நில அளவைத் தலைவர் ஆனார். 1817-இல் கொல்கத்தாவுக்கு வந்தபோது தொகுதியையும் உடன் கொண்டுவந்தார். 1821-ஆம் ஆண்டு மே மாதம் மறைந்த அவர், இந்நகரின் பார்க் தெருக் கல்லறையில் துயில்கிறார். நம்மில் பலர் நாள்தோறும் அத்தெரு வழியே போய் வருகிறோம். அவர் மனைவியிடமிருந்து கம்பெனி அரசு அத்தொகுதியை விலைக்கு வாங்கியது. வில்சன் என்னும் அறிஞர் தயாரித்த பட்டியல் 1828-இல் இந்நகரிலேயே அச்சாயிற்று. பின்னர்த் தென்மொழிச் சுவடிகள் சென்னைக்குத் திரும்பி, அங்கே கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இடம்பெற்றன. நமக்கு முன்னரே நம் ஊர்களின் கதைகள் கொல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்து, சில ஆண்டுகள் தங்கி, ஊர் திரும்பியிருக்கின்றன!

சீஃபோர்த் தலைவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். படம் தீட்டச் செய்த ஃபிரான்சிஸ், தம் ஆண் மக்கள் நால்வரையும் இழந்து, 1815-இல் தாமும் மறைந்தார். மூத்த மகள் மேரியின் கணவர் கடற்படைத் தளபதி சாமுவேல் ஹூட், அதற்குச் சில வாரங்கள் முன்பே, 1814 டிசம்பரில் சென்னையில் இறந்திருந்தார். மேரி மறுமணம் செய்துகொண்ட ஸ்டூவர்ட் மெக்கன்சி 1837 முதல் 1841 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தார். கடன் பெருகிற்று, 1844-இல் லூயிஸ் தீவையே விற்றுவிட்டனர். வாங்கியவர் சீன வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய ஜேம்ஸ் மாதசன். ஆம், கில்லியோனின் மற்றொரு கிளை என்று 1467-ஆம் ஆண்டு ஏடு சொன்ன மாதசன் என்னும் பெயருடையவரே. 1979-இல் குரோமார்ட்டிப் பிரபு ஒருவர் மெக்கன்சி குலத்தலைவராக ஏற்கப்பெற்றார். அவருக்குப் பிரபுப் பட்டம் வந்தது தாய்வழியில். கதையில் வந்த மான் தலைமையைக் காக்கவில்லை. பெயரறியாத தாய்மாரும் பெயரறிந்த பெண்மக்களுமே வழியை நீட்டினர். 1467-ஆம் ஆண்டின் வரிசையில் தந்தையர் பெயர் மட்டுமே ஏறியிருப்பது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று.

இனி அந்தச் சிறுமியிடம் திரும்புகிறேன். எந்த ராஜா பெயரை எழுதலாம் என்று கேட்டவளிடம், “ராஜா வேண்டாம் அம்மா, ஊரில் உள்ள உன் பாட்டியிடம் தொலைபேசியில் பேசு. அவர் சொல்லும் பெயர்களை மட்டும் எழுது. தெரியாத கட்டத்தை அப்படியே விட்டுவிடு, வெறுமையாக இருப்பது பிழையன்று” என்றேன். மறுநாள் மாலை நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அதில் ஒரு புதுப்பெயர் ஏறியிருந்தது. பாட்டியின் பாட்டி அவர். இளமையிலேயே கணவரை இழந்து, நெல் அவித்துக் குத்தி அரிசி விற்று, நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவர் பெயரை அச்சிறுமியின் தந்தையாரும் அதுவரை கேட்டதில்லை. அக்குடும்பம் இன்று கொல்கத்தாவில் அலுவலகப் பணியில் இருப்பதற்கு அந்த அம்மையார் விற்ற அரிசியே முதல் காரணம்.

ஊரை விட்டு வந்த நமக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, பாட்டனாரை மறப்பது. மற்றொன்று, மறந்த இடத்தில் பெரியவர் ஒருவரைக் கடன் வாங்கி உட்கார வைப்பது. இரண்டாவது, முதலாவதைவிடக் கொடியது. வெறுங்கட்டத்தை என்றேனும் ஒருவர் தேடி நிரப்பலாம். பொய்ப்பெயர் ஏறிவிட்டால், தேட வேண்டும் என்ற எண்ணமே ஒருவருக்கும் தோன்றாது. மெக்கன்சிகள் நல்வாய்ப்புடையவர்கள். அவர்கள் மறைத்த பெயர்களை, அவர்கள் நாணிய மொழியிலேயே எழுதி வைத்திருந்த ஏடு ஒன்று காப்பாற்றித் தந்தது. நம் வீடுகளில் அந்த ஏடு நம் தாய்மார், பாட்டிமார் நினைவில் இருக்கிறது. அதைப் படிக்கத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளவும் வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த ஆண்டு மலரில் ஒவ்வொரு குடும்பமும் தமக்கு உறுதியாகத் தெரிந்த முன்னோர் பெயர்களை, தாய்வழியும் சேர்த்து, ஊர்ப்பெயரோடு எழுதித் தரட்டும். மூன்று பெயரே தெரியுமானால் மூன்று போதும். மானும் பட்டயமும் வேண்டா.